ஒன்பதாவது வார்டில் ஒரு வாரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் கொசுவத்தி, நிறைய சரித்திரம். நீளமாத்தான் இருக்கும். காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

2007 மார்ச் மாசம். நான் அப்போ டொராண்டோவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசில் ஒரு பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரு வாரம் லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு வீடு கட்டப் போனோம். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "காசு குடுத்து சித்தாள் வேலைக்குப் போறியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் கடைசியில் வருகிறது.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை, கத்ரீனா புயல் அந்தக் கரையைத் தாக்கியது. நகரத்தில் சுமார் 80 சதவீத இடம் தண்ணீருக்குள் போனது. இறந்தவர்கள் 1,833 பேர் என்றுதான் பல வருடம் எழுதிவந்தார்கள். அமெரிக்கப் புயல் மையம் 2023ல் கணக்கைச் சரிபார்த்து 1,392 என்று திருத்தியது. நாங்கள் போனது புயலடித்து ஒன்றரை வருஷம் கழித்து. டிவி கேமராக்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. ஊர் மட்டும் அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வீடு வாசல் சுவரில் ஸ்ப்ரே பெயின்டில் ஒரு பெரிய பெருக்கல் குறி. மேலே ஒரு தேதி, இடப்பக்கம் தேடிப் பார்த்த குழுவின் அடையாளம், வலப்பக்கம் உள்ளே என்ன ஆபத்து என்ற குறிப்பு, அடியில் ஒரு எண். அந்த அடி எண்தான் உள்ளே கண்டெடுத்த ஆட்களின் கணக்கு. பூஜ்யம் போட்ட வீட்டைப் பார்த்தால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வரும். எல்லா வீட்டிலும் பூஜ்யம் இல்லை.

ரசமட்டமும் ஆணியும்

நாங்கள் வேலை பார்த்த இடத்துக்குப் பேர் மியூசிஷியன்ஸ் வில்லேஜ். இசைக்கலைஞர் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து வளர்ந்த பாடகர் ஹாரி கானிக் ஜூனியரும், சாக்சஃபோன் வித்வான் பிரான்ஃபோர்டு மார்சாலிஸும் 2005 டிசம்பரில் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்போடு சேர்ந்து அறிவித்த திட்டம். ஜாஸ் பிறந்த ஊரில் ஜாஸ் வாசிக்கிறவனுக்கே குடியிருக்க இடமில்லை என்றால் அப்புறம் ஊர் என்னத்துக்கு என்பது அவர்கள் வாதம். மேல் ஒன்பதாவது வார்டில், முன்பு பள்ளிக்கூடம் இருந்த சுமார் எட்டு ஏக்கர் இடத்தை மையமாக வைத்து 72 தனி வீடுகள். 2006ல் கட்ட ஆரம்பித்தார்கள். நாங்கள் போனபோது ஒரு வரிசையில் மஞ்சள், ஊதா, பச்சை என்று கலர் கலராக வீடுகள் நிமிர்ந்து நின்றன. அடுத்த வரிசையில் வெறும் தூண்கள் மட்டும்.

நம்ம ஊர் மாதிரி வானம் தோண்டி, செங்கல் அடுக்கி, கலவை குழைத்துக் கட்டும் கட்டடம் இல்லை. தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தூண்கள். அதன்மேல் மரச்சட்டத் தளம். தளத்திலேயே சுவருக்கான சட்டத்தைப் படுக்கவைத்து அடித்து, பத்து பேர் சேர்ந்து ஒரே தம்மில் தூக்கி நிறுத்துவார்கள். கைமரத்தைச் சுவரோடும், சுவரைத் தளத்தோடும், தளத்தைத் தூணோடும் இரும்புப் பட்டையால் பிணைக்கிறார்கள். காற்று கூரையைப் பிடுங்க வந்தால் மொத்த வீட்டையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும். வெளிச்சுவருக்கு சிமெண்டுப் பலகை. தண்ணீரில் ஊறாது, கரையான் தின்னாது.

என் கையில் ஒரு ரசமட்டத்தைக் கொடுத்து, "பலகை ஒவ்வொண்ணுக்கும் வெச்சுப் பாரு" என்றார் எங்கள் மேஸ்திரி. அறுபதைத் தாண்டிய கறுப்பின மனிதர். அதே வார்டில் பிறந்தவர். நானும் ஒரு வாரம் ரசமட்டமும் கையுமாக அலைந்தேன்.

எங்களோடு ஒரு அம்மாவும் வேலை பார்த்தார். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வருவார். பக்கத்துத் தெருவில் அவருக்கு ஒரு வீடு வரப்போகிறது. வீடு வாங்குகிறவர் 350 மணி நேரம் உடலுழைப்பு தர வேண்டும் என்பது அங்கே விதி. வீடு இலவசம் கிடையாது. இதைப் பல பேர் தர்மம் என்று நினைக்கிறார்கள். அவர் மாதாமாதம் தவணை கட்டுவார். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை.

வட்டியில்லாக் கடன் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று திரும்பி வந்ததும் தேடிப் படித்தேன். அதுவே ஒரு தனிக் கதை.

ஜார்ஜியாவில் ஒரு பண்ணை, காங்கோவில் ஒரு பொட்டல்

1942ல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பைபிள் அறிஞர், ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கொய்னோனியா என்ற பண்ணையை ஆரம்பித்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வயலில் வேலை செய்து, ஒரே கூலி வாங்கும் பண்ணை. அந்தக் காலத் தென்மாநிலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் அதே வருஷத்தில் ஒரு சேரிக்கும் ஊருக்கும் நடுவே பந்தி போட்டது மாதிரி. 1950களில் பண்ணைமேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, குண்டு வீசினார்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் விதையும் உரமும் விற்க மறுத்தார்கள். பண்ணை மசியவில்லை.

1960களில் மில்லர்டு ஃபுல்லர் என்ற அலபாமா வக்கீல் அங்கே வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் கோடீஸ்வரர் ஆனவர். குடும்பம் உடையப்போகிற நிலையில் சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டு மனைவி லிண்டாவோடு கிளம்பி வந்தவர். 1968ல் ஜோர்டனும் அவரும் போட்ட திட்டம் இதுதான்: ஏழைக்குத் தேவை தர்மம் இல்லை, மூலதனம். லாபம் இல்லாமல், வட்டி இல்லாமல் வீடு விற்போம். திரும்பி வரும் தவணையில் அடுத்த வீடு கட்டுவோம். முதல் வீடு போ ஜான்சன், எம்மா ஜான்சன் என்ற கறுப்பினத் தம்பதிக்காக எழும்பியது. அது முடிவதற்குள் 1969 அக்டோபரில் ஜோர்டன் இறந்துபோனார்.

1973ல் ஃபுல்லர் குடும்பம் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அப்போது ஜயர், இன்றைக்கு காங்கோ ஜனநாயகக் குடியரசு. அங்கே பண்டாக்கா என்ற ஊரில் அவர்களுக்கு வீடு கட்டக் கிடைத்த நிலம் எது தெரியுமா? பெல்ஜியக்காரன் ஆண்ட காலத்தில் வெள்ளையர் குடியிருப்புக்கும் ஆப்பிரிக்கர் குடியிருப்புக்கும் நடுவே வேண்டுமென்றே காலியாக விட்டிருந்த பொட்டல். இரண்டு பக்கமும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வீடுகளைக் கட்டினார்கள். 1976ல் அமெரிக்கா திரும்பி ஹேபிடட் அமைப்பைத் தொடங்கினார் ஃபுல்லர். 1983ல் இந்தியாவுக்கும் வந்தது, அன்றைய ஆந்திராவின் கம்மத்தில். 1984ல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சுத்தியலைத் தூக்கியதும் உலகத்துக்கே தெரிந்த அமைப்பாகிவிட்டது. கார்ட்டர் தொண்ணூறு வயது தாண்டியும் வீடு கட்டும் வேலையில் இறங்கினார். 2024 டிசம்பரில் நூறு வயதில் காலமானார்.

ஊரைப் பிரிக்கிற பொட்டல் என்ற அந்தச் செய்தியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே பொட்டலுக்குப் பதில் கால்வாய்.

கீழ் என்றால் பள்ளம் இல்லை

சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும். மத்தவங்க எல்லாம் ஃபிரெஞ்சு குவார்ட்டர் பக்கம் பாட்டுக் கேட்கப் போவார்கள். நானும் இரண்டு நாள் போனேன், பொய் சொல்லக் கூடாது. மீதி நாள் மேஸ்திரி கைகாட்டிய பக்கமெல்லாம் நடந்தேன்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பி ஆறு ஆயிரக்கணக்கான வருஷமாகப் பெருகிப் பெருகி வண்டலைக் கொட்டி, கரையோரத்தில் தானாகவே ஒரு மேடு போட்டிருக்கிறது. 1718ல் ஃபிரெஞ்சுக்காரர் பியென்வில் ஊரை நிறுவியது அந்த மேட்டில். ஃபிரெஞ்சு குவார்ட்டர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கத்ரீனாவிலும் அது பெரிதாக முழுகவில்லை. ஆற்றிலிருந்து விலகிப் போகப் போகப் பள்ளம், அப்புறம் சதுப்புக்காடு, அதற்கப்பால் பான்ச்சர்ட்ரெயின் ஏரி. 1910களில் பால்ட்வின் உட் என்ற பொறியாளர் பெரிய பெரிய பம்புகளை வடிவமைத்து சதுப்பை வடித்தார். வடிந்த நிலத்தில் மனை போட்டு விற்றார்கள். தண்ணீர் போன சதுப்பு மண், காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும். அமுங்கியது. இன்றைக்கு நகரத்தில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே.

ஒன்பதாவது வார்டு ஊரின் கடைசி வார்டு. தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதானால், கடைமடை. மேட்டில் இடம் கிடைக்காத கறுப்பின மக்களும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளும் வாங்க முடிந்த மலிவு மனை அங்கேதான் இருந்தது. 1918ல் ஆரம்பித்து 1923ல், ஆற்றையும் ஏரியையும் இணைக்க வார்டின் குறுக்கே ஒரு கப்பல் கால்வாய் வெட்டினார்கள். இண்டஸ்ட்ரியல் கனால் என்று பேர். வார்டு இரண்டாக உடைந்தது. நகரத்தை ஒட்டிய பக்கம் மேல் ஒன்பதாவது, அந்தாண்டை கீழ் ஒன்பதாவது.

'கீழ்' என்றதும் டிவிக்காரர்கள் எல்லாரும் அது பள்ளமான இடம் என்றே பேசினார்கள். அது இல்லை சங்கதி. ஆற்றின் ஓட்டத்தில் கீழே இருப்பதால் கீழ். நம்ம ஊரில் கீழவாசல், கீழத்தெரு என்றால் கிழக்கு என்று அர்த்தமே தவிர பள்ளமா என்ன? கீழ் ஒன்பதாவதிலேயே ஆற்றை ஒட்டிய பகுதி நல்ல மேடு. ஆனால் "பள்ளத்துல ஏன் குடியிருந்தாங்க? அங்க ஏன் திரும்பக் கட்டணும்?" என்ற கேள்வி 2006ல் நாடு முழுக்கக் கேட்கப்பட்டது. அதே அளவு பள்ளமாக இருந்த, அதே அளவு முழுகிய ஏரிக்கரை வசதிக்காரப் பகுதியைப் பற்றி அவ்வளவு சத்தமாக யாரும் கேட்கவில்லை.

கரை உடைந்ததா, உடைத்தார்களா

கத்ரீனா அன்று கால்வாயின் கிழக்குச் சுவர் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைப்பு வழியாக ஒரு பெரிய சரக்குப் படகே உள்ளே வந்து வீடுகள்மேல் உட்கார்ந்தது. நான் போனபோது படகை எடுத்துவிட்டிருந்தார்கள். உடைப்புக்கு எதிரே தெருத் தெருவாக வீடே இல்லை. வாசற்படி மட்டும் நிற்கிறது. மூன்று படி ஏறினால் புல்.

"கரையை வெடி வெச்சுத்தான் உடைச்சாங்க" என்று அங்கே பலர் என்னிடம் சொன்னார்கள். 2005ல் அப்படி நடக்கவில்லை. விசாரணைகள் எல்லாம் சுவரின் வடிவமைப்பும் அடிமண்ணும்தான் காரணம் என்றன. 2006 ஜூனில் ராணுவப் பொறியாளர் படையே தன் கட்டுமானத்தில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. அப்புறம் ஏன் ஜனங்கள் வெடி என்கிறார்கள்?

ஏனென்றால் ஒருமுறை நிஜமாகவே வெடி வைத்தார்கள்.

1927 மிசிசிப்பி பெருவெள்ளம். நகரம் முழுகிவிடுமோ என்று நியூ ஆர்லியன்ஸ் வங்கி முதலாளிகளுக்குப் பயம். கவர்னரைச் சம்மதிக்க வைத்து, ஏப்ரல் 29 அன்று ஊருக்குக் கீழே கார்னார்வான் என்ற இடத்தில் ஆற்றுக்கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். ஒரே வெடியில் போகவில்லை. பத்து நாள் தொடர்ந்து வெடித்தார்கள். கீழே இருந்த செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு மாவட்டங்களின் ஜனம், சுமார் பத்தாயிரம் பேர், வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சதுப்பில் நீர்எலி பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் பலர். எலியும் போனது, பிழைப்பும் போனது. நஷ்ட ஈடு தருவோம் என்று எழுதிக் கொடுத்த பெரிய மனிதர்கள், தங்க வைத்துச் சோறு போட்ட செலவைக்கூட அதில் கழித்துக்கொண்டார்கள். பலருக்கு ஒன்றுமே வரவில்லை. இதில் கொடுமை, ஆற்றின் மேல்பக்கம் பல இடங்களில் கரை தானாகவே உடைந்து வெள்ளம் வடிந்துவிட்டதால், அந்த வெடி தேவையே இல்லாமல் போனது.

நாங்கள் ராத்திரி படுத்துத் தூங்கியது அதே செயின்ட் பெர்னார்டில்தான், கத்ரீனாவில் முழுகி மூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் போட்ட தொண்டர் முகாமில். இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து 1965 செப்டம்பர் 9, பெட்ஸி புயல். அதே கால்வாய், அதே கீழ் ஒன்பதாவது. மறுநாளே அதிபர் லிண்டன் ஜான்சன் பறந்து வந்து, கரண்ட் இல்லாத ஒரு பள்ளிக்கூட முகாமுக்குள் போய், டார்ச் வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு, நான்தான் உங்கள் அதிபர் என்று சொன்னார். அந்த வருஷம் போட்ட சட்டத்தில்தான் ராணுவப் பொறியாளர்கள் புதுக் கரைகள் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கரைகள்தான் நாற்பது வருஷம் கழித்து உடைந்தவை. எங்கள் மேஸ்திரிக்கு பெட்ஸி வந்தபோது இருபது வயது இருக்கலாம். கூரைமேல் உட்கார்ந்திருந்தாராம். "ரெண்டு தடவை கூரை ஏறியாச்சு. மூணாவது தடவை முட்டி ஒத்துழைக்காது, அதான் வீட்டையே ஒசத்திக் கட்டறேன்" என்று சிரித்தார்.

பத்து நிமிட நடையில் ஒரு பள்ளிக்கூடம்

வேலைத்தளத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வில்லியம் ஃபிரான்ட்ஸ் ஆரம்பப் பள்ளி. 2007ல் ஜன்னலெல்லாம் பலகை அடித்து மூடிக் கிடந்தது. 1960 நவம்பர் 14 அன்று இந்தப் பள்ளிக்கூட வாசற்படியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, நான்கு மத்திய அரசுக் காவலர்கள் சூழ ஏறிப்போனாள். வெளியே வெள்ளைக்காரத் தாய்மார்கள் நின்று கத்தினார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஒரே ஒரு டீச்சர், ஒரே ஒரு மாணவிக்கு, வருஷம் முழுக்கப் பாடம் எடுத்தார். அதே நாளில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மெக்டனா 19 பள்ளியில் இன்னும் மூன்று சிறுமிகள் நுழைந்தார்கள்: லியோனா டேட், டெஸ்ஸி பிரேவோ, கெயில் எட்டியேன். ரூபியைப் பற்றி நார்மன் ராக்வெல் ஓவியம் வரைந்ததால் அவள் பேர் உலகத்துக்குத் தெரிந்தது. மற்ற மூன்று பேரும் ரொம்ப நாள் அடிக்குறிப்பாகவே இருந்தார்கள். லியோனா டேட் பெரியவளானபின், மூடிக் கிடந்த அந்தப் பள்ளிக் கட்டடத்தை மீட்கப் போராடி, 2022ல் அதை நினைவு மையமாகவும் முதியோர் குடியிருப்பாகவும் திறக்க வைத்தார். ஃபிரான்ட்ஸ் பள்ளியும் 2013ல் மறுபடி பள்ளிக்கூடமாகத் திறந்தது. முற்றத்தில் ரூபிக்குச் சிலை இருக்கிறது.

இன்னொரு அரை மணி நேரம் ஆற்றுப் பக்கமாக நடந்தால் பிரஸ் தெருவும் ராயல் தெருவும் சந்திக்கும் இடம். ரயில் தண்டவாளம், புல், ஒரு பழைய கிடங்கு. 1892 ஜூன் 7 அன்று ஹோமர் ப்ளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இங்கே ரயில் ஏறி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார். எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க ரத்தம். 1890ல் லூயிசியானா போட்ட தனிப்பெட்டிச் சட்டத்தை உடைக்க, ஊரின் குடிமக்கள் குழு ஒன்று திட்டம் போட்டு அவரை அனுப்பியது. கைது செய்வதற்கு ஆளையும் குழுவே காசு கொடுத்து அமர்த்தியிருந்தது. தனிப்பெட்டி இணைப்பது செலவு என்பதால் ரயில் கம்பெனிக்கும் இதில் உள்ளூர சம்மதம்!

வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1896ல் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. சமமாக இருந்தால் தனியாகப் பிரிக்கலாம் என்று வந்த அந்தத் தீர்ப்பு 1954 வரை அமெரிக்காவை ஆண்டது. ப்ளெஸ்ஸிக்கு 25 டாலர் அபராதம். நான் நின்றபோது அங்கே ஒரு பலகைகூட இல்லை. 2009ல்தான் வைத்தார்கள். 2018ல் அந்தத் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பேரை வைத்தார்கள். 2022 ஜனவரியில் கவர்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். செத்து 97 வருஷம் கழித்து. யார் யாரை மன்னிப்பது என்று சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வீடு என்பது சுவர் இல்லை

இவ்வளவு சரித்திரத்தையும் ஏன் வீடு கட்டும் கதையில் இழுக்கிறேன்? காரணம் இருக்கிறது.

2000 கணக்கெடுப்பில் கீழ் ஒன்பதாவதில் சுமார் 14,000 பேர். 2010ல் மூவாயிரத்துக்கும் குறைவு. ஏழைகள் வாழும் இடம்தான், ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் குடியிருந்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். நகரத்தின் சராசரியைவிட அதிகம். தாத்தா கட்டியது, அப்பா இருந்தது, பேரன் இருக்கிறது. கடன் இல்லை. பிரச்சினையும் அதுதான். பத்திரம் தாத்தா பேரிலேயே இருந்தது. நம்ம ஊரில் பட்டா மாறாமல், வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் மூன்று தலைமுறை ஓட்டுவோம் இல்லையா, அதேதான். நிவாரணப் பணம் வாங்க வீடு உன்னுடையது என்று நிரூபி என்றபோது பேரனால் முடியவில்லை.

நிரூபித்தவர்களுக்கு அடுத்த அடி. ரோடு ஹோம் என்ற அரசுத் திட்டம், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்துப் பணம் கணக்குப் போட்டது. உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரே மாதிரி இரண்டு வீடு. பழுதுபார்க்க இரண்டுக்கும் ஒன்றரை லட்சம் டாலர். வெள்ளையர் பகுதி வீட்டின் மதிப்பு ஒன்றரை லட்சம், அவருக்கு முழுக்கணக்கு. கறுப்பர் பகுதி வீட்டின் மதிப்பு அறுபதாயிரம், அவருக்கு அதுதான் கணக்கு. ஆணியும் பலகையும் இரண்டு பேருக்கும் ஒரே விலை. அந்த மதிப்பு ஏன் குறைவாக இருந்தது என்று கேட்டால், பிரஸ் தெருவுக்கும் ஃபிரான்ட்ஸ் பள்ளி வாசலுக்கும் திரும்பப் போக வேண்டியிருக்கும். 2008ல் வழக்குப் போட்டார்கள். 2011ல் 6 கோடியே 20 லட்சம் டாலர் கூடுதலாகத் தருவதாகச் சமரசம் ஆனது. அதற்குள் பாதிப் பேர் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் வேர் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் இசைக்கலைஞர் குடியிருப்பிலும் இதே காகிதச் சிக்கல் வந்தது. ராத்திரி கிளப்பில் டிரம்பெட் ஊதி, கையில் ரொக்கமாக வாங்குகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது? கடன் வரலாறு சரியில்லை என்று ஆரம்பத்தில் நிறையக் கலைஞர்கள் தகுதி பெறவில்லை. அப்புறம் அவர்களுக்குக் கணக்கு வழக்கு சொல்லிக்கொடுத்து, பழைய கடன்களைத் தீர்க்க உதவி செய்து உள்ளே கொண்டுவந்தார்கள். 72 வீடும் முடிந்தது. 2011ல் பிரான்ஃபோர்டின் அப்பா, பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பேரில் இசை மையமும் திறந்தது. 2020ல் கொரோனா அந்தப் பெரியவரைக் கொண்டுபோனது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடிகர் பிராட் பிட் 2007ல் ஆரம்பித்த திட்டத்தையும் சொல்ல வேண்டும். உலகப் புகழ் கட்டடக்கலைஞர்கள் வரைந்த 109 வீடுகள். பத்திரிகைகளில் படம் படமாக வந்தது. பல வீடுகளில் மழை ஒழுகி, மரம் உளுத்து, 2018ல் குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். அந்த மழைக்கும் புழுக்கத்துக்கும் தாழ்வாரம் வேண்டும், சரிந்த கூரை வேண்டும். ஊர்க்காரர்கள் இருநூறு வருஷமாகக் கட்டிவரும், அறைக்குப் பின் அறையாக நீளும் ஒல்லி வீடுகளில் இதெல்லாம் இருந்தது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். என் டிக்கெட் செலவில் நாலு உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்திருந்தால் என்னைவிட வேகமாகப் பலகை அடித்திருப்பார்கள். இது உண்மை. நான் அடித்த ஆணியால் அந்த அம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை. அவருக்கு வீடு கொடுத்தது வட்டியில்லாக் கடனும், அவர் பேரில் பதிந்த பத்திரமும், தூக்கம் கெட்டு அவர் போட்ட 350 மணி நேரமும். தொண்டர்களின் இலவச உழைப்பு விலையைக் கொஞ்சம் குறைத்தது, தவணையும் அந்த அளவு குறைந்தது. என் பங்கு அவ்வளவுதான், அது சின்னதாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கத்ரீனாவுக்கு எட்டு மாசம் முன்னால் நம்ம கடற்கரையில் சுனாமி வந்தபோதும் இதே கேள்விதானே எழுந்தது? 2005ல் தமிழக அரசு, கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புது வீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுத்தால்தான் என்றது. மீனவர்கள் கடலைவிட்டு எப்படிப் போவோம் என்றார்கள். அதே சமயம், புது வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும் என்று ஆனது. சுவர் எழுப்புவது சுலபம். யார் பேரில், எந்த இடத்தில் என்பதுதான் சண்டை.

கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலர் செலவில் புதுக் கரைகளும் தடுப்புகளும் கட்டினார்கள். 2021ல் அதே ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் வந்தது. கரை நின்றது. நகரத்தின் மக்கள்தொகை 2000ல் 4,84,674. 2020ல் 3,83,997. ஒரு லட்சம் பேர் குறைவு.

நீங்களும் எங்காவது வீடு கட்டக் கிளம்பினால், தாராளமாகப் போங்க. கையுறையும் தொப்பியும் எடுத்துக்கோங்க. போவதற்கு முன்னால் அந்த நிலம் யார் பேரில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. சாயங்காலம் நடக்கும்போது தெருக்களுக்கு அர்த்தம் இருக்கும். சுனாமி வீடுகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.